ஈக்விலிப்ரியத்தின் 'ஸாகாஸ்' ஆல்பம்: பலம், பலவீனம், ஒரு பழைய சாபம்

2012ல் ஆறு மாசம் மியூனிக்கில் ஆன்சைட் வேலை. இலையுதிர் காலம் முடிஞ்சு குளிர் ஆரம்பிக்கிற நேரம், சாயங்காலம் நாலரைக்கே இருட்டிடும். அப்போ நைட்டு பில்டு ஓட விட்டுட்டுக் காதில் மாட்டிக்கொள்வது பெரும்பாலும் ஒரே ஆல்பம்தான்: ஈக்விலிப்ரியம் குழுவின் 'ஸாகாஸ்'. 2008ல் நியூக்ளியர் ப்ளாஸ்ட் வெளியிட்டது. குழுவினர் மியூனிக்குக்குப் பக்கத்தில் மைசாஹ் என்ற சின்ன ஊர்க்காரர்கள். நான் தங்கியிருந்த இடத்திலிருந்து புறநகர் ரயிலில் போய்விடலாம் என்பதே எனக்கு அப்போ ஒரு கிளுகிளுப்பு.

ஒரு நாள் மதிய சாப்பாட்டில், டீமில் இருந்த ஜெர்மன் நண்பர் என் ஃபோன் திரையில் ஆல்பம் அட்டையைப் பார்த்துட்டார். கொஞ்சம் தயங்கி, "இந்த மாதிரி பேகன் மெட்டல் எல்லாம் வேற யார் யார் கேட்கிறாங்கன்னு உனக்குத் தெரியுமா?" என்று கேட்டார். குற்றம் சொல்கிற தொனி இல்லை, அக்கறைதான். ஆனா என்கிட்ட பதில் இல்லை. ட்யூன் நல்லா இருக்கு, கேட்கிறேன், அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

அந்தக் கேள்வி விட்ட இடத்திலிருந்து நான் படிச்சது, திரும்பத் திரும்பக் கேட்டதில் தோன்றியது, இரண்டையும் சேர்த்து எழுதுவதுதான் இந்தக் குறிப்பு. மெட்டல் பழக்கம் இல்லாதவர்களுக்கும் புரியணும் என்பதால் அடிப்படையிலிருந்தே தொடங்குகிறேன்.

இது என்ன வகை இசை?

பிளாக் மெட்டல் என்பது கரடுமுரடான கிட்டார், தொண்டையைக் கிழிக்கும் அலறல், மூச்சுவிடாத டிரம்ஸ். கிட்டாரில் ஒரே ஸ்வரத்தைப் படபடவென்று மேலும் கீழும் மீட்டிக்கொண்டே போவார்கள். தனித்தனி அடியாகக் காதில் விழாமல் ஒரு இரைச்சல் திரையாக விரியும். 1990களின் ஆரம்பத்தில் நார்வேயில் இந்த வகை கெட்ட பேர் வாங்கியது. மரத்தாலான பழைய தேவாலயங்கள் எரிக்கப்பட்டன; பெர்கனுக்குப் பக்கத்தில் ஃபான்டாஃப்ட் தேவாலயம் 1992 ஜூனில் எரிந்தது அதில் பிரபலம்.

அதே சமயத்தில் ஸ்வீடனில் பாத்தரி என்ற குழு வேறு பக்கம் திரும்பியிருந்தது. சாத்தானை விட்டுட்டு வைக்கிங்குகளையும் ஓடினையும் பாட ஆரம்பித்தார்கள். அவர்களின் 1990 ஆல்பம் 'ஹாமர்ஹார்ட்' இந்தக் கிளையின் வேர் மாதிரி. அதோடு நாட்டுப்புற மெட்டுகள், புல்லாங்குழல், அக்கார்டியன் எல்லாம் சேர்ந்ததுதான் பேகன் ஃபோக் மெட்டல். பேகன் என்றால் இங்கே கிறிஸ்தவத்துக்கு முந்தைய ஐரோப்பிய வழிபாடு என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

ஈக்விலிப்ரியம் 2001ல் தொடங்கிய குழு. 'ஸாகாஸ்' இரண்டாவது ஆல்பம். குரல் ஹெல்கே ஷ்டாங். கிட்டார், கீபோர்டு, பெரும்பகுதி இசையமைப்பு ரெனே பெர்த்தியோம். இரண்டாவது கிட்டார் அன்ட்ரியாஸ் ஃபோல்க்ல், பேஸ் அவர் சகோதரி சான்ட்ரா ஃபோல்க்ல், டிரம்ஸ் மானுவேல் டி கமில்லோ. மொத்தம் 13 பாடல்கள், ஏறக்குறைய 80 நிமிஷம். அதாவது ஒரு ஆடியோ சிடியில் எவ்வளவு அடைக்க முடியுமோ அவ்வளவும். இந்த எண்ணைக் கொஞ்சம் ஞாபகம் வச்சுக்குங்க, பலவீனம் பேசும்போது திரும்ப வரும்.

பலம்

முதல் பலம், மெட்டு. 'ப்ளூட் இம் ஆவ்கெ' என்ற மூன்றாவது பாட்டை மட்டும் கேட்டுப் பாருங்கள். மெட்டலே பிடிக்காத என் வீட்டம்மா சமையலறையில் அதை முணுமுணுத்ததை நான் கேட்டிருக்கேன். மேலே கீபோர்டில் குதிச்சு ஓடும் திருவிழா மெட்டு, அடியில் கிட்டாரும் டபுள் பாஸ் டிரம்மும் குதிரைப் பாய்ச்சல். அலறலை மட்டும் எடுத்துட்டால் ஊர்வலத்தில் வாசிக்கலாம்.

இரண்டாவது, அலறலும் மெட்டும் வேலையைப் பிரித்துக்கொண்ட விதம். இந்த ஆல்பத்தில் ஹெல்கே ஷ்டாங்கின் குரல் ராகம் பாடுவதில்லை, தாளமும் கோபமும் மட்டும் தருது. ராகம் முழுக்கக் கருவிகளிடம். எங்க துறைப் பாஷையில் சொன்னா இரண்டு மாட்யூல், ஒன்றின் வேலையில் இன்னொன்று தலையிடறதில்லை. அதனால்தான் அவ்வளவு இரைச்சலுக்கு நடுவிலும் மெட்டு தெளிவா நிற்குது.

மூன்றாவது, ஜெர்மன் மொழி. உலகச் சந்தைக்குப் போகிற மெட்டல் குழுக்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் பாடும். இவர்கள் 'ஸாகாஸ்' முழுக்க ஜெர்மனிலேயே பாடியிருக்கிறார்கள். ஜெர்மனில் சொல்லின் தொடக்கத்தில் பெரும்பாலும் அழுத்தம் விழும், மெய்யெழுத்துகள் குவிஞ்சு நிற்கும். டிரம்ஸ் அடியோடு அந்த அழுத்தம் பொருந்தும்போது, அர்த்தம் தெரியாதவனுக்கே வார்த்தை உடம்பில் படுது.

நான்காவது, உண்மையான கருவிகள் வரும் இடங்கள். பான் புல்லாங்குழல் வாசித்தவர் உல்ரிஹ் ஹெர்கென்ஹாஃப். 'லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' மூன்றாம் படத்தின் இசையிலும் வாசித்தவர் அவர். அந்த மூச்சு வரும்போது ஆல்பமே ஒரு அடி உயருது. பின்னாடி எவ்வளவு கீபோர்டு அடுக்கினாலும் ஒரு மனுஷன் ஊதுவதற்கு ஈடாகாது என்று இவர்களே நிரூபிச்ச மாதிரி இருக்கு.

இதில் 'பேகன்' எங்கே?

நண்பரின் கேள்விக்குப் பிறகு நான் முதலில் தேடியது இதைத்தான். இந்தக் குழுக்கள் பாடுகிற பழைய ஜெர்மன் தெய்வங்களைப் பற்றி நமக்கு எப்படித் தெரியும்? பதில் எனக்கு ஆச்சரியம். ஜெர்மன் மண்ணிலிருந்து ஜெர்மன் மொழியில் நேரடியாகக் கிடைப்பது ரொம்ப ரொம்பக் கொஞ்சம்.

ரோமானியர் டாஸிட்டஸ் கி.பி. 98ல் 'ஜெர்மானியா' எழுதினார். ஜெர்மானியக் குலங்கள் கோயில் கட்டாமல் காடுகளையும் தோப்புகளையும் புனிதமாக வைத்திருந்தார்கள் என்கிறார். நம் கோயில்காடு மாதிரி. இந்த ஆல்பத்தில் 'ஹைலிகர் ஹைன்' என்ற பாட்டின் தலைப்புக்கு அர்த்தமே அதுதான், புனிதத் தோப்பு. ஆனா டாஸிட்டஸ் வெளியாள், எழுதியது லத்தீனில்.

அப்புறம் மதமாற்றக் காலம். 720களில் போனிஃபாஸ் என்ற பாதிரியார் ஹெஸ்ஸன் பகுதியில் கைஸ்மார் என்ற இடத்தில் டோனார் தெய்வத்தின் ஓக் மரத்தை வெட்டிச் சாய்த்து, அந்த மரத்தை வச்சே தேவாலயம் கட்டினார். 772ல் சார்லமேன் சாக்ஸன்களின் புனிதத் தூணான இர்மின்சூலை அழித்தார். சாக்ஸன்கள் ஞானஸ்நானத்தில் சொல்ல வேண்டியிருந்த உறுதிமொழி ஒன்று எழுத்தில் தப்பியிருக்கு. டோனாரை, வோடனை, சாக்ஸ்நோட்டைக் கைவிடுகிறேன் என்று சொல்ல வேண்டும். யோசிச்சுப் பாருங்க, சாக்ஸன் தெய்வங்களின் பேர் நமக்குக் கிடைத்திருப்பது அவர்களைத் துறக்கும் பத்திரத்தில்.

இன்னொன்று மெர்ஸபுர்க் மந்திரங்கள். 10ம் நூற்றாண்டில் ஒரு கிறிஸ்தவ ஏட்டின் வெற்றுப் பக்கத்தில் யாரோ எழுதி வச்ச இரண்டு சின்ன மந்திரங்கள். ஒன்று கைதியின் கட்டு அவிழ, இன்னொன்று குதிரையின் சுளுக்கு நீங்க. பழைய ஜெர்மனில் முழுசாக எஞ்சிய பேகன் பாடல் என்று சொல்ல இவைதான். 1841ல் மெர்ஸபுர்க் தேவாலய நூலகத்தில் கண்டெடுத்தார்கள். அடுத்த வருஷம் யாக்கோப் க்ரிம் பதிப்பித்தார். ஆமாம், தேவதைக் கதைகள் தொகுத்த அதே க்ரிம் சகோதரர்களில் மூத்தவர்.

மீதி எல்லாம் ஐஸ்லாந்திலிருந்து வந்தது. எட்டா பாடல்களின் முக்கியச் சுவடி 13ம் நூற்றாண்டில் எழுதப்பட்டது. ஐஸ்லாந்து கிறிஸ்தவத்துக்கு மாறி இரண்டரை நூற்றாண்டுக்கு மேல் ஆன பிறகு. அதைக் கார்ல் ஸிம்ராக் 1851ல் ஜெர்மனில் மொழிபெயர்த்தார். ஈக்விலிப்ரியத்தின் முதல் ஆல்பமான 'டூரிஸ் ஃப்ராட்யூர்' இந்தக் கடன்வாங்கிய உலகத்தில்தான் இருந்தது. அதில் 'விங்தோர்ஸ் ஹாமர்' என்ற பாட்டு, தோரின் சுத்தியல் திருடுபோய் அதை மீட்க அவன் மணப்பெண் வேஷம் போடுகிற எட்டாக் கதை.

இதையெல்லாம் வரிசைப்படுத்திப் பார்த்தால் ஒரு விஷயம் தெளிவாகுது. தோண்டி எடுத்தது, பதிப்பித்தது, மொழிபெயர்த்தது எல்லாமே 19ம் நூற்றாண்டு. நெப்போலியனிடம் அடிவாங்கி, 'நாம் யார்' என்று ஜெர்மானியர்கள் தேடிய காலம். க்ரிம் கதைகளின் முதல் தொகுதி 1812, 'ஜெர்மானியப் புராணம்' 1835. ஜெர்மன் பேகன் மெட்டலின் காடு டாஸிட்டஸ் பார்த்த காடு கிடையாது. க்ரிம் காலத்து வாசகன் கணப்படுப்பு பக்கத்தில் உட்கார்ந்து கற்பனை செய்த காடு.

'ஸாகாஸ்' எனக்குப் பிடிக்க இதுவே பெரிய காரணம். இந்த ஆல்பம் அதை மறைக்கலை. முதல் ஆல்பத்தின் தெய்வங்கள் இங்கே பின்னுக்குப் போய், கதை முன்னுக்கு வருது. முதல் பாட்டின் பேர் 'ப்ரோலோக் அவ்ஃப் ஏர்டன்', மண்ணில் ஒரு முன்னுரை. கோத்தேயின் 'ஃபாவுஸ்ட்' தொடக்கத்தில் வரும் 'விண்ணில் முன்னுரை'யை நினைச்சுச் சிரிச்சுக்கிட்டே வச்ச பேர் என்றுதான் தோணுது. அப்புறம் வேர்ப்பேர் வச்ச 'வுர்ட்ஸெல்பெர்ட்', வில்லோ மரமும் ஆறும் சேர்ந்த ஒரு கதை. புரட்டப் புரட்டத் தேவதைக் கதைப் புத்தகம்தான்.

ஊலாண்டின் சாபம்

ஏழாவது பாட்டு 'டெஸ் ஸேங்கர்ஸ் ஃப்ளூஹ்', பாடகனின் சாபம். லூட்விக் ஊலாண்ட் 1814ல் எழுதிய கதைப்பாடலிலிருந்து வந்தது. கதை இதுதான். கர்வம் பிடிச்ச ஒரு ராஜா. அவன் கோட்டைக்கு ஒரு கிழப் பாடகனும் ஒரு இளைஞனும் வருகிறார்கள். காதல், சுதந்திரம், மனித மாண்பு என்று பாடுகிறார்கள். சபை உருகுது. ராணி தன் நெஞ்சில் சூடிய ரோஜாவை எடுத்து அவர்கள் முன்னால் போடுகிறாள். ராஜாவுக்குப் பொறுக்கலை, வாளை வீசி இளைஞனைக் கொன்றுவிடுகிறான். கிழவன் உடலைத் தூக்கிக் குதிரையில் கட்டிக்கொண்டு வெளியே வந்து, வாசலில் நின்று, தன் யாழைத் தூணில் மோதி உடைத்துச் சபிக்கிறான். கோட்டை இடிஞ்சு போகுது. ராஜாவின் பேர் எந்தப் பாட்டிலும் இல்லை, எந்த நூலிலும் இல்லை. மறதிதான் தண்டனை.

எழுதியவர் யார் என்று பார்த்தபோது எனக்குச் சிலிர்த்தது. ஊலாண்ட் கவிஞர் மட்டும் இல்லை, ஆராய்ச்சியாளர். தோர் தொன்மம் பற்றி 1836ல் ஒரு நூல் எழுதினார். பழைய ஜெர்மன் நாட்டுப்புறப் பாடல்களைத் தேடித் தொகுத்தார். 1848 புரட்சியில் ஃப்ராங்க்ஃபர்ட் தேசிய சபையின் உறுப்பினர். அதன் மிச்சம் ஷ்டுட்கார்ட்டில் கூடியபோது 1849 ஜூனில் சிப்பாய்கள் கலைத்தார்கள். அங்கும் இருந்தார். பிரஷ்ய அரசு 1853ல் பெரிய விருது ஒன்று கொடுத்தபோது வேண்டாம் என்று மறுத்தார். அதாவது பழைய தெய்வங்களை நேசிச்ச ஒருத்தர், அதே சமயம் ராஜாக்களுக்கு எதிரான ஜனநாயகவாதி. இரண்டும் ஒரே ஆளுக்குள் இருந்திருக்கு.

பலவீனம்

இவ்வளவு நல்ல கதை கையில் இருந்தும், ஆல்பம் சறுக்கியது இங்கேதான் எனக்கு நல்லாத் தெரிஞ்சது. யாழ் உடைகிற இடம். கதைப்படி இசையே செத்துப்போகிற கணம். ஒரு நாலு நொடி வெறும் மௌனம் விட்டிருந்தால் மயிர்க்கூச்செறியும். அந்த அளவுக்கு இடம் விட இந்த இசைக்கு மனசு வரலை. கீபோர்டு அடுக்கு, கிட்டார் அடுக்கு, டிரம்ஸ் என்று எல்லாம் நிரம்பியே இருக்கு. இளைஞனைக் கொன்றதும், வேறொரு பாட்டில் குடிச்சுக் கூத்தாடுவதும் ஏறக்குறைய ஒரே உடையில் வருது.

இதுதான் ஆல்பம் முழுக்க உள்ள சிக்கல். விட்டுவைக்கத் தெரியலை. ஒரு காரணம் கீபோர்டு. மென்பொருளில் முழு ஆர்க்கெஸ்ட்ராவே கைக்கு எட்டும்போது, ட்ராக் சேர்க்கச் செலவே கிடையாது. செலவு இல்லாததை மனுஷன் அளவோடு பயன்படுத்துவது அபூர்வம். எங்க கோடிலும் இதே வியாதிதான், லைப்ரரி இலவசம் என்று பத்தைச் சேர்த்து விடுவோம்.

இன்னொன்று மாஸ்டரிங். அந்தக் காலகட்டத்தில் சத்தப் போட்டி உச்சத்தில் இருந்தது. மெல்லிய இடங்களையும் தூக்கி, உச்சங்களை நசுக்கி, எல்லாத்தையும் ஒரே உயரத்துக்குக் கொண்டு வருவார்கள். கடையில் கேட்கும்போது முதல் நிமிஷம் பிரமாதமா இருக்கும், இருபதாவது நிமிஷம் காது களைச்சுடும். மெட்டாலிக்காவின் 'டெத் மேக்னெடிக்' அதே 2008ல் இதற்காகவே ரசிகர்களிடம் வாங்கிக் கட்டிக்கொண்டது. 'ஸாகாஸ்' அந்த அளவுக்கு என் காதில் உடையலை. ஆனா மலையும் பள்ளத்தாக்கும் பாடுகிற ஆல்பம் சமவெளியா ஒலிப்பது கொடுமைதான்.

அப்புறம் அந்த 80 நிமிஷம். ஒரே மூச்சில் கேட்டால் ஒன்பதாவது பாட்டுக்கு மேல் எனக்குப் பாடல்கள் ஒன்றோடொன்று கலந்துடுது. மூன்று பாட்டை எடுத்துட்டால் ஆல்பம் இன்னும் பெரிசாகியிருக்கும்.

நியாயமாகச் சொல்லணும் என்றால் கடைசிப் பாட்டு 'மானா' இதற்கு விதிவிலக்கு. 16 நிமிஷத்துக்கு மேல் ஓடும், பாடல் வரிகளே கிடையாது. அலறல் இல்லாத அந்த நீளத்தில்தான் இவர்கள் மெதுவாகத் தொடங்கிக் கட்டி எழுப்புகிறார்கள். மௌனத்தின் மதிப்பு தெரியாதவர்கள் இல்லை என்று அது காட்டுது. அதனாலேயே மற்ற இடங்களில் கோபம் வருது.

நண்பரின் கேள்விக்கு

க்ரிம்மும் ஊலாண்டும் தோண்டி எடுத்த அதே புராணங்களை அடுத்த தலைமுறையில் வேறு ஆட்கள் எடுத்துக்கொண்டார்கள். 1908ல் கீடோ ஃபோன் லிஸ்ட் என்ற ஆஸ்திரியர் ரூன் எழுத்துகளுக்கு ரகசிய அர்த்தம் கற்பிச்சு, ஆரிய இனப் பெருமையோடு முடிச்சுப் போட்டார். பிறகு எஸ்எஸ் படையின் சின்னமே ரூன் வடிவத்தில் வந்தது. இன்றைக்கும் ஜெர்மன் குற்றவியல் சட்டம் பிரிவு 86அ அந்தச் சின்னங்களைப் பொதுவில் காட்டுவதைத் தடை செய்யுது. பிளாக் மெட்டலுக்குள்ளேயே நாஜிக் கருத்தை வெளிப்படையாகப் பாடுகிற ஒரு கிளை இருக்கு. நண்பர் தயங்கியதற்குக் காரணம் இதுதான். அவர் ஊரில் சுத்தியல், ரூன், ஓக் மரம் எதுவுமே வெறும் அலங்காரம் கிடையாது.

'ஸாகாஸ்' வரிகளை அகராதி வச்சு உட்கார்ந்து படிச்சேன். இனப் பெருமை எதுவும் என் கண்ணில் படலை. காடு, ஆறு, குடி, சண்டை, கதை, அவ்வளவுதான். ஆனா 'எனக்கு அரசியல் தெரியாது, ட்யூன் மட்டும்தான்' என்று அந்த மதியம் நான் மனசுக்குள் சொல்லிக்கொண்டது சரியான பதில் இல்லை. தெரிஞ்சுக்கிட்டுக் கேட்பது வேறு, தெரியாமல் கேட்பது வேறு.

ஊர் திரும்புவதற்கு முன் ஒரு நாள் நண்பரிடம் ஊலாண்ட் பற்றிச் சொன்னேன். சிரிச்சுட்டு, "அதைப் பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் பண்ண வச்சாங்க, அதிலிருந்து எனக்கு அலர்ஜி" என்றார். என் ஹெட்ஃபோனை வாங்கி அந்தப் பாட்டை முழுசாகக் கேட்டார். கழட்டும்போது, "ரொம்ப வேகம். ஆனா கதை சரிதான், ராஜா பேர் யாருக்கும் தெரியாது" என்றார்.

என் மதிப்பீடு: மெட்டுக்கு முழு மார்க், அளவுக்குப் பாதி மார்க். புதுசாக் கேட்கிறவர்கள் 80 நிமிஷத்தையும் ஒரே நாளில் எடுக்க வேண்டாம். முதல் நாள் 'ப்ளூட் இம் ஆவ்கெ'. மறுநாள் ஊலாண்டின் கதையை மேலே ஒரு தடவை படிச்சுட்டு ஏழாவது பாட்டு. மூன்றாவது நாள் ராத்திரி, வீட்டில் எல்லோரும் தூங்கின பிறகு, 'மானா'. யாழ் உடைகிற இடத்தில் உங்களுக்கு மௌனம் கேட்டதா என்று பின்னூட்டத்தில் சொல்லுங்கள். எனக்குக் கேட்காதது உங்களுக்குக் கேட்டிருக்கலாம்.